நோய் தாங்கும் ரகம் இந்த முறை ஏன் தாங்கவில்லை?

கேள்வி: அம்மா, நான் இருபது ஆண்டுகளாக நெல் பயிரிடுகிறேன். நோய் தாங்கும் என்று பெயர் வாங்கிய ஒரே ரகத்தைத்தான் ஒன்பது ஆண்டுகளாகப் போடுகிறேன். அக்கம்பக்கத்து வயல்களிலும் அதேதான். இந்தப் போகத்தில் இலை கொஞ்சம் வெளிறித் தெரிந்ததால் யூரியா போட்டேன். அடுத்த சில நாட்களில் காற்றும் மழையுமாக இரண்டு நாள் அடித்தது. மழை விட்ட ஒரு வாரத்தில் இலைகள் நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே வந்தன. குலைநோய் என்றார்கள். பூஞ்சாணக்கொல்லி இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. பயிர் இப்போது பால் பிடிக்கும் பருவத்தில் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் "பருவநிலை மாறிவிட்டது" என்கிறார்கள். இது உண்மையா, தட்டிக்கழிக்கும் பேச்சா? கல்லூரியில் படிக்கும் என் மகள், "இன்னும் முப்பது வருஷத்தில் உலகத்துக்கே சாப்பாடு இருக்காது, நிலத்தை விற்றுவிடுங்கள் அப்பா" என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: மகளின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். பயிர் பால் பிடித்து நிற்கிறது என்கிறீர்கள், அதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி குலைநோயுடையது அல்ல. குலைநோய் வந்தால் இலையில் இருமுனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளிகள் தெரியும். புள்ளியின் நடுவில் சாம்பல் நிறம், விளிம்பில் பழுப்பு. உங்கள் வயலிலோ நுனியில் தொடங்கி, ஓரத்தோடு கீழே இறங்கிக் காய்கிறது. அதுவும் காற்றடித்து மழை பெய்த ஒரு வாரத்தில். பாக்டீரியா இலைக்கருகலாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் இரண்டு முறை அடித்த பூஞ்சாணக்கொல்லி அந்தக் கிருமியைத் தொட்டிருக்கவே முடியாது.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். காலையில் வரப்போரமாக நின்று, பச்சையும் காய்ந்ததும் சந்திக்கும் இடம் நடுவில் வரும்படி ஓர் இலைத்துண்டை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி அந்தத் துண்டை நிறுத்துங்கள். டம்ளரை அசைக்காமல், பின்னால் கறுப்பாக ஏதாவது வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நோய் இதுதான் என்றால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய நூல் போல ஒன்று கசிந்து கீழே இறங்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தண்ணீரே லேசாகக் கலங்கிவிடும். அந்த நூல் முழுக்கப் பாக்டீரியா. மாணவியாக இருந்தபோது இதை முதல் தடவை பார்த்தேன். அதுவரை நோய் என்றால் எனக்கு இலையில் தெரியும் ஒரு நிறம்தான். இலைக்குள் ஒன்று உயிரோடு பெருகிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நூல் இறங்கினால், இனி எந்தப் பூஞ்சாணக்கொல்லிக்கும் செலவு செய்யாதீர்கள். ஆன்டிபயாடிக் கலந்து அடிக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நான் வேண்டாம் என்பேன். திறந்த வயலில் அதன் பலன் நிச்சயமில்லை. மனிதருக்கும் கால்நடைக்கும் உயிர்காக்கும் மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிப்போக அது வழிவிடும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் இனி ஒரு பிடிகூட வேண்டாம். தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண் காயாத அளவு ஈரம் மட்டும் இருக்கும்படி பாருங்கள். வடிக்கும் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போகக்கூடாது, இந்தக் கிருமி தண்ணீரோடு பயணம் போகும். இலை ஈரமாக இருக்கும் நேரத்தில் பயிருக்குள் இறங்கி நடக்காதீர்கள். கதிருக்கு அடியில் இருக்கும் கடைசி இலை எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மணி முற்றும். இந்தப் போகத்தில் நம் கையில் இருப்பது இவ்வளவுதான். இதற்கு மேல் ஏதாவது மருந்து சொல்லி உங்களைச் செலவழிக்க வைக்க எனக்கு மனமில்லை.

இனி, "பருவநிலை மாறிவிட்டது" என்ற பேச்சு. உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறவர் உங்களுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

பயிர், கிருமி, சூழல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தோதாக அமைந்தால்தான் நோய் வரும். மூன்றில் ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் நோய் வராது. பருவநிலை மாற்றம் சூழலை மட்டும் மாற்றுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மூன்றையும் மாற்றுகிறது.

சூழலை எடுத்துக்கொள்வோம். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. ஒரு டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெய்யும்போது அடித்துப் பெய்வது அதனால்தான். உங்கள் பயிரைத் தாக்கிய பாக்டீரியா, இலை ஓரத்தில் தண்ணீர் கசியும் நுண்துளைகள் வழியாகவும், இலையில் ஏற்பட்ட காயங்கள் வழியாகவும் உள்ளே போகிறது. காற்றில் இலையோடு இலை உரசும்போது ஆயிரம் கீறல் விழுகிறது. மழைத்துளி தெறிக்கும்போது கிருமி அந்தக் கீறலுக்கே போய்ச் சேருகிறது. உங்கள் ஊரில் அந்த இரண்டு நாள் அடித்த மழைக்கு உலக வெப்பம்தான் காரணம் என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதைப் போன்ற மழை இனி அடிக்கடி வரும் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

மழையைவிட நான் அதிகம் கவலைப்படுவது இரவைப் பற்றி. விவசாயிகள் என்னிடம் பேசும்போது பகல் வெயிலைத்தான் சொல்வார்கள். நோய் பெரும்பாலும் இரவில்தான் தொற்றுகிறது. குலைநோயையே பாருங்கள். அதை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் வித்து இலை மேல் விழுந்து, ஈரம் பட்டதும் முளைக்கிறது. முளையின் நுனியில் ஒரு சின்னக் குமிழ் உருவாகிறது. அந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 40 மடங்கு. அந்த அழுத்தத்தில்தான் இலையின் மேல்தோலைக் குத்தித் துளைத்து உள்ளே போகிறது. இவ்வளவும் நடந்து முடிய இலை பல மணி நேரம் இடைவிடாமல் நனைந்திருக்க வேண்டும். நடுவில் காய்ந்துவிட்டால் அந்த முயற்சி அதோடு போயிற்று. ஆகவே கிருமிக்கு முக்கியம் அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்பது அல்ல, இலை எத்தனை மணி நேரம் காயாமல் இருந்தது, அப்போது இரவு எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்பதுதான்.

வெதுவெதுப்பான இரவு நோயில்லாத பயிரையும் விட்டுவைப்பதில்லை. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை வெப்பநிலைக் குறிப்புகளைத் தொடர்ந்து எடுத்திருக்கிறார்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை அந்தக் காலத்தில் 1.13 டிகிரி ஏறியிருந்தது. பயிர்க்காலத்தில் அது ஒரு டிகிரி ஏறினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று 2004இல் கணக்குக் காட்டினார்கள். பகல் வெப்பம் ஏறியதற்கும் மகசூலுக்கும் அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பகலெல்லாம் வெயிலில் சேர்த்த மாவுச்சத்தைச் சூடான இரவில் பயிர் தன் மூச்சுக்கே அதிகம் செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். மணிக்குப் போக வேண்டியது வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

பகல் வெயிலுக்கும் ஒரு நேரம் உண்டு, அது பூக்கும் நேரம். நெல்பூ முற்பகலில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிறது. பயிரைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, அடித்துத் தூற்றும்போதுதான் தெரியும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாங்கும் ரகம் ஏன் தாங்கவில்லை?

இதை விளக்கப் புகையிலைச் செடியில் செய்த ஒரு பழைய சோதனை எனக்கு எப்போதும் கைகொடுக்கும். தேமல் வைரஸைத் தாங்கும் மரபணு உள்ள செடி அது. 22 டிகிரி அளவில் அந்தச் செடிக்கு வைரஸைத் தடவினால், வைரஸ் புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள திசுவைச் செடி தானாகவே சாகடித்துவிடும். சிறு பழுப்புப் புள்ளியோடு விவகாரம் முடிந்துவிடும். அதே செடியை 28 டிகிரிக்கு மேல் வைத்தால் புள்ளியே விழாது. செடி நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். வைரஸ் சத்தமில்லாமல் செடி முழுக்கப் பரவியிருக்கும். பிறகு செடியைத் திரும்பக் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுவந்தால், தூங்கிக்கிடந்த எதிர்ப்பு விழித்துக்கொண்டு வைரஸ் இருக்கும் இடத்தையெல்லாம் சாகடிக்க, செடியே மடிந்துவிடும். மரபணு எங்கும் போய்விடவில்லை. அது வேலை செய்ய ஒரு வெப்ப எல்லை இருக்கிறது, அவ்வளவுதான்.

நெல்லிலும் இப்படித்தான். இலைக்கருகலைத் தாங்க வைக்கும் மரபணுக்கள் பல உண்டு, அவற்றில் சில வெப்பம் ஏறும்போது தளர்கின்றன. எக்ஸ்ஏ7 என்ற மரபணு இதற்கு நேர்மாறு, வெப்பத்தில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே "நோய் தாங்கும் ரகம்" என்று எழுதியிருந்தால், எந்த நோயை, எந்த மரபணுவால், எந்த வெப்பம் வரை என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. விதை கொடுப்பவர்களிடம் நீங்கள் இதைக் கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டாலும் கேளுங்கள், கேட்கக் கேட்கத்தான் பதில் தயாராகும்.

ஆனாலும் உங்கள் வயலில் நடந்த முழுப் பழியையும் வெப்பத்தின் மேல் போட நான் தயாராக இல்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரே ரகம், சுற்றிலும் அதே ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரப்பு முழுவதும் கிருமிக்கு ஒரே பூட்டு. கிருமி வேகமாகப் பெருகும் உயிர், பெருகும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அதில் ஏதோ ஒன்றுக்குச் சாவி பொருந்திவிட்டால் அத்தனை வயலும் திறந்துவிடும். 1998இல் உகாண்டாவில் கோதுமைத் தண்டுத் துருநோயின் புதிய இனம் ஒன்று தென்பட்டது. அதுவரை உலகின் பல பகுதிகளில் கோதுமையைக் காத்துவந்த ஒரு மரபணு அதன் முன்னால் பயனற்றுப்போனது. வெப்பம் அதைச் செய்யவில்லை, எங்கு பார்த்தாலும் அதே மரபணுவை நம்பியிருந்ததுதான் செய்தது. யூரியாவும் நல்ல நேரத்தில் விழவில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை சதைப்பிடித்து மென்மையாகும், பயிர் அடர்ந்து உள்ளே காற்றோட்டம் குறையும், ஈரம் காயத் தாமதமாகும். மழைக்கு முந்தைய வாரம் அதைப் போட்டது கிருமிக்குப் பந்தி விரித்த மாதிரி ஆகிவிட்டது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளிறிய இலையைப் பார்த்து யூரியா போடாத விவசாயி யார்? அடுத்த முறை இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். கனமழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அது போகும் வரை பொறுங்கள். சாம்பல்சத்தை, அதாவது பொட்டாஷை, குறைக்காதீர்கள்.

அடுத்த போகத்துக்கு நான் சொல்வதில் முக்கியமானது ரகத்தைப் பற்றியது. ஒரே ரகத்தை நம்பாதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் நம்ப விடாதீர்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998இலும் 1999இலும் ஆயிரக்கணக்கான விவசாயிகள் இதைச் செய்து பார்த்தார்கள். குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் ஒட்டரிசி நெல்லை, அதாவது சமைத்தால் பசைபோல ஒட்டும் அரிசி தரும் நெல்லை, தனியாக நடாமல், நோய் தாங்கும் ரகத்தின் வரிசைகளுக்கு இடையே நட்டார்கள். 1999இல் இது 3,000 ஹெக்டேருக்கு மேல். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் அந்த ஒட்டரிசி நெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் குலைநோய்க்கு மருந்து அடிப்பதையே விட்டுவிட்டார்கள். புதிய இயந்திரமோ புதிய வேதிப்பொருளோ இதில் இல்லை, நடவு வரிசையை மாற்றினார்கள். இலைக்கருகலுக்கு இதே அளவு பலன் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது பரவும் விதம் வேறு. என்றாலும் ஒரு பகுதியில் மூன்று ரகங்கள் இருந்தால் ஒரே மழையில் அத்தனையும் போகாது. வேறு வேறு நாளில் பூக்கும் ரகங்களாக இருந்தால், பூக்கும் நேரத்து வெப்பத்திலிருந்தும் கொஞ்சமாவது தப்பும். மற்றபடி, நாற்று நடும்போது நுனியைக் கிள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது கிருமிக்கு வாசல். அறுவடைக்குப் பின் தானாகத் தழைக்கும் தாள்களையும் வரப்புக் களைகளையும் அழித்துவிடுங்கள்.

உங்கள் மகள் சொன்னதைப் பற்றி.

அவள் பயம் வெறும் பயம் இல்லை. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும், நாம் எதையும் மாற்றிக்கொள்ளாவிட்டால், உலக அளவில் மக்காச்சோள மகசூல் சராசரியாக 7.4 சதவீதமும், கோதுமை 6 சதவீதமும், நெல் 3.2 சதவீதமும் குறையும் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பூச்சியும் நோயும் கொண்டுபோவது தனிக் கணக்கு. நெல்லில் இப்போதே சுமார் 30 சதவீதம் அப்படிப் போகிறது. சூட்டில் பூச்சிகள் அதிகம் தின்னும், வேகமாகப் பெருகும். அதனால் நெல், மக்காச்சோளம், கோதுமையில் பூச்சியால் வரும் இழப்பு ஒரு டிகிரிக்கு 10 முதல் 25 சதவீதம் வரை கூடலாம் என்கிறது 2018ஆம் ஆண்டு ஆய்வு. 1960 முதல் பயிர்ப் பூச்சிகளும் நோய்களும் சராசரியாக ஆண்டுக்கு 2.7 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்ந்து வருகின்றன. முன்பு குளிர் காத்துக்கொடுத்த இடங்கள் காவலை இழக்கின்றன. அதேசமயம், அளவுக்கு மீறிச் சூடாகும் இடங்களில் சில நோய்கள் குறையவும் செய்யும். அதையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவள் ஆவேன்.

ஆனால் "சாப்பாடே இருக்காது" என்பது வேறு. விளைச்சல் குறைவதற்கும் பட்டினிக்கும் நடுவில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் இருக்கின்றன. வங்காளத்தில் 1942இல் புயலோடு சேர்ந்து செம்புள்ளி நோய் நெல்லைத் தாக்கியது. 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பயிர் நோயியல் பாடத்தில் அதை நோயின் கொடுமைக்கு உதாரணமாகப் படித்தேன். பின்னால்தான் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எழுதியதைப் படித்தேன். அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை, போர்க்காலத்து விலையேற்றத்தில் கூலிக்காரரின் கைக்கு எட்டாமல் போனது என்பது அவர் வாதம். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபோதும் அந்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. இன்றும் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருக்கிறார்கள். உலகம் அத்தனை பேருக்கும் போதுமான தானியம் விளைவித்த ஆண்டிலேயே இப்படி.

என் பயம் வேறொரு வடிவத்தில் இருக்கிறது. பல நாடுகளில் ஒரே ஆண்டில் விளைச்சல் கெட்டு, ஒவ்வொரு நாடும் தன் கதவைச் சாத்திக்கொள்வது. 2010இல் கடும் வெப்பத்திலும் வறட்சியிலும் ரஷ்யாவின் கோதுமை கருகியது. அந்த ஆகஸ்டில் அது ஏற்றுமதியை நிறுத்த, உலகச் சந்தையில் விலை தாவியது. வாங்கித்தான் சாப்பிட முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தாவல்தான் பஞ்சம். இன்னொன்று, விளைந்த தானியமே விஷமாவது. வெயிலிலும் வறட்சியிலும் வாடிய மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஒருவகைப் பூஞ்சாணம் நுழைந்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 2004இல் கென்யாவில் அப்படிப்பட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தும் அது உணவாக இல்லை. மகசூல் புள்ளிவிவரத்தில் இது ஏறாது என்பதால் இதைப் பேசுவாரும் குறைவு.

நிலத்தை விற்பதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. கடன், உடல்நிலை, பிள்ளைகளின் விருப்பம் எல்லாம் அதில் இருக்கிறது, அதற்குள் நான் வர முடியாது. இந்த ஒரு போகத்து நோயை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த போகத்தில் நடவு முடிந்த நாள் முதல் ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு நாளும் மூன்றே குறிப்பு: இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, மழை, இலை காய்ந்த நேரம். மூன்றாவதற்குக் கருவி வேண்டாம். காலையில் காய்ந்த கைக்குட்டை ஒன்றை வரப்போரப் பயிரின் மேல் மெல்ல இழுத்துப் பார்க்கட்டும். நனைந்தால் அரைமணி கழித்து வேறு காய்ந்த துணியால் திரும்ப. துணி நனையாமல் வந்த நேரத்தை எழுதி வைக்கட்டும். பல நாள் தொடர்ந்து அந்த நேரம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால், இலையில் புள்ளி தெரிவதற்கு முன்பே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். உங்கள் வயலுக்கு எந்த நடவு நாள் இனி ஒத்துவரும் என்பதையும் இரண்டு மூன்று ஆண்டு நோட்டு சொல்லிவிடும், வெளியூரில் உட்கார்ந்திருக்கும் என்னால் அதைச் சொல்ல முடியாது.

டம்ளரில் நூல் இறங்கியதா என்று எழுதுங்கள். இறங்காவிட்டால் கட்டாயம் எழுதுங்கள், அப்போது நான் சொன்ன நோயே தவறு என்றாகிவிடும், வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த வயலிலிருந்து விதைக்கு எடுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் இப்போதே நிறுத்திவையுங்கள்.